உப்புக் கிண்ணம் வைத்தபின் நின்ற பூசணம்: மரக்காளான் வண்டு வளர்த்த குறிப்பு

ஏழாம் எண் டப்பாவில் 54ஆம் நாள் காலை, தாளில் உதிர்ந்திருந்த தூளுக்கு நடுவே வெளிர் தேன் நிறத்தில் ஒரு வண்டு நடந்துகொண்டிருந்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். டப்பாவில் விட்ட இருபது வண்டுகளும் கரும்பழுப்பு. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டுக்குத்தான் முதல் சில நாட்கள் இந்த வெளிர் நிறம் இருக்கும். ஆக, முட்டை, புழு, கூடு மூன்றும் டப்பாவுக்குள்ளேயே முடிந்திருக்கின்றன. இதற்கு முன் மூன்று சுற்று வீணானது. நாலாவது சுற்றில் எது மாறியது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறோம்.

வண்டு சியிடே குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க 650க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை 1 முதல் 3 மி.மீ.தான். பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்குமே மரக்காளான், அதைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். புழுவுக்கும் அதுதான் சாப்பாடு, வண்டுக்கும் அதுதான்.

பொறுக்கியது

இடம் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் சில அகற்றப்படாமல் கிடக்கின்றன. தென்னை அடிக்கட்டையில் கானோடெர்மா என்ற மரக்காளான். மேல்புறம் அரக்குப் பூசியதுபோல் செம்பழுப்பாக மின்னும், அடிப்புறம் வெள்ளை. வரப்போரம் காய்ந்த மாங்கிளையில் ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில் பிக்னோபோரஸ் சாங்குனியஸ். பூவரசக் கட்டையில் மெல்லிய, தோல்போன்ற டிராமெட்டிஸ் வகை. மூன்றிலும் எடுத்தோம். காட்டுக்குள் போய் எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். சொந்தத் தோப்பும் தெரிந்தவர் தோப்பும் இதற்குத் தாராளம்.

எதை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை. ஓரம் வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் காளான் இன்னும் வளர்கிறது. அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஐரோப்பாவில் ஆக்டோடெம்னஸ் கிளாப்ரிகுலஸ் போன்ற சில இனங்கள் வளரும் காளானிலேயே முந்திக்கொண்டு ஏறும், சிஸ் போலெட்டி பின்னால் வரும். இங்கே எடுத்த இளங்காளான் நான்கிலும் காலி. மறுகோடிக்குப் போனால், தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்கும் கூடு. உள்ளே தூள் மட்டும். வேண்டியது இடைப்பட்டது: மேல்தோல் உடையாமல், அடிப்புறத்தில் குண்டூசி குத்தியதுபோல் வட்ட ஓட்டைகள், கையில் எடுத்தால் அளவுக்குத் தகுந்த கனம். வெள்ளைத் தாளின் மேல் பிடித்து நாலு தட்டுத் தட்டினால் ரவைபோல் தூள் உதிர வேண்டும்.

இந்தத் தூளில் ஒரு ஏமாற்று உண்டு. கானோடெர்மா தன் வித்துத்தூளை மழையாகக் கொட்டும். கோகோ பவுடர் மாதிரி பழுப்பாக, அருகிலிருக்கும் எல்லாவற்றின் மேலும் படியும். முதல் சுற்றில் அதையும் வண்டின் எச்சத்தூள் என்று நினைத்து எடைபோட்டு எழுதிவிட்டோம். விரலில் எடுத்துத் தேய்த்தால் தெரியும். வித்துத்தூள் முகப்பவுடர்போல் வழுக்கும்; எச்சத்தூள் நறநறக்கும்.

மெல்லிய காளானுக்குப் பேனாக்கத்தி போதும். கானோடெர்மாவுக்குக் கத்தி மடங்கும். ஹேக்ஸா பிளேடில் துணியைச் சுற்றிப் பிடித்து அறுப்பது நல்லது. ஒரு கட்டையில் பாதியை விட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில், உறை மேல் மரம், தேதி, தரையிலிருந்து உயரம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வீடு வருவதற்குள் வேர்த்துவிடும்.

முதல் சுற்று: ஒரே வாளி

ஐந்து லிட்டர் வாளியில் ஐந்து காளான், வாயில் கொசுவலை, தினமும் காலையில் தண்ணீர்த் தெளிப்பு. செய்ததெல்லாம் தப்பு.

கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். வண்டின் அகலம் அதில் பாதி. மூன்றாம் நாள் ஜன்னல் கட்டையில் வண்டுகள். ஒன்பதாம் நாள் காளான்களின் மேல் பச்சைப் பூசணம். பார்க்கப் பெரும்பாலும் டிரைகோடெர்மா. தென்னை வேருக்குப் போட டால்க் தூளில் கலந்து காசு கொடுத்து வாங்கும் அதே பூஞ்சை, இங்கே கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்து, பூசணத்தைத் தின்ன வெள்ளைப் புள்ளிபோல் உண்ணிகள் ஆயிரக்கணக்கில். பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் எரித்தோம். பூசணம் வராமல் இருந்திருந்தாலும் பயனில்லை. ஐந்து காளானையும் ஒன்றாகப் போட்டதால் எந்த வண்டு எதிலிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. மரக்காளான் வண்டைப் பொறுத்தவரை அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் மீதிக் குறிப்புக்கு மதிப்பில்லை.

இரண்டாம் சுற்று: தனி டப்பா, தண்ணீர் இல்லை

ஒன்றரை லிட்டர் சதுர டப்பா எட்டு. மூடியில் 6 செ.மீ. வட்டம் வெட்டி, ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள் வாங்கும் 120 மெஷ் நைலான் துணியைச் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டினோம். இந்தத் துணி நல்ல தேர்வு. கடைசிவரை இதையே வைத்துக்கொண்டோம். வண்டு மட்டுமல்ல, வண்டுப் புழுவைத் தேடி வரும் குட்டிக் குளவியும் தாண்டாது. வெட்டிய விளிம்பு நூல் பிரியும், மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் நிற்கும்.

பூசணத்துக்குப் பயந்து தண்ணீரை அடியோடு நிறுத்தியதுதான் இந்தச் சுற்றின் பிழை. பிப்ரவரி கடைசியில் மதிய ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு வந்தது. 40ஆம் நாள் ஒரு காளானைப் பிளந்தபோது வளர்ந்த வண்டுகள் சில உயிரோடு இருந்தன. புழுக்கள் சுருங்கி அவல்போல் ஆகியிருந்தன. வண்டு வறட்சியைத் தாங்கும், புழு தாங்காது.

இரண்டு டப்பாக்களை எறும்பு முடித்தது. மூடியின் ஓரத்தில் தலைமுடி நுழையும் இடைவெளி இருந்தாலே போதும். அதன்பின் டப்பாக்களை ஒரு ஸ்டூலில் வைத்து, நாலு காலுக்கும் சோப்புத்தண்ணீர்க் கிண்ணம். எறும்பு மருந்து, பாச்சை உருண்டை இரண்டும் அந்த அறையிலேயே கூடாது. நாப்தலின் ஆவிக்கு எறும்பும் வண்டும் ஒன்றுதான்.

உப்பு

கரையாத உப்பு அடியில் தங்கியிருக்கும் உப்புக்கரைசல், மூடிய இடத்தின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் பிடித்து வைக்கும். நம் ஊர் அறை வெப்பத்தில் அந்த எண் அசையாது. பூசணம் கொழுக்க இது போதாது, புழுவுக்கு இது போதும். மூன்றாம் சுற்றிலிருந்து எல்லா டப்பாவிலும் இதுதான்.

அளவு: 50 மி.லி. கொள்ளும் குட்டிக் கிண்ணம், 30 கிராம் கல்லுப்பு, அது ஈரமணல்போல் ஆகும்வரை மட்டும் தண்ணீர். உப்புக்கல் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் கரைந்து தண்ணீராக நின்றால் இன்னும் உப்பு போட வேண்டும். கல்லாக இறுகிவிட்டால் பத்துச் சொட்டுத் தண்ணீர்.

இதில் மூன்று தொல்லை வந்தது. ஒன்று, உப்பு கிண்ணத்தின் சுவரில் ஏறி வெளியே பூக்கும். நாலாவது வாரம் தாள்வரை வந்துவிட்டது. கிண்ணத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், விளிம்பில் வாஸ்லின் தடவியதும் நின்றது. இரண்டு, வண்டுகள் அதில் விழுந்து சாகும். கிண்ணத்தின் வாயிலும் அதே 120 மெஷ் துணி, ரப்பர் பேண்டு. மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் பத்து நாள் ஆனது: உப்பு வைத்தும் ஈரப்பதமானி 62 காட்டியது. மூடியில் 6 செ.மீ. ஜன்னல் இருந்தால் வெளிக்காற்றுதான் ஜெயிக்கும். செல்லோடேப் ஒட்டி 2 செ.மீ. ஆக்கியபின் 74, 75, 76 என்று நின்றது.

250 ரூபாய் ஈரப்பதமானியை அப்படியே நம்பக் கூடாது. ஜிப் பையில் உப்புக் கிண்ணத்தோடு அதை மூடி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் 75 காட்ட வேண்டும். வாங்கிய இரண்டில் ஒன்று 69 காட்டியது, மற்றது 73. ‘+6’, ‘+2’ என்று முதுகில் எழுதி ஒட்டிவிட்டோம்.

மூன்றாம் சுற்று: வெளிச்சக் குழாய்

ஈரப்பதம் சரியானதும் வண்டு எடுக்கும் முறையில் தப்பு நடந்தது. டப்பாவைக் கறுப்புத் தாளால் சுற்றி, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, அதில் கண்ணாடிக் குழாயைச் செருகினால் உள்ளிருக்கும் பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்கு வரும் என்பது வழக்கமான ஏற்பாடு. வந்தன. ஆறு வாரத்தில் ஒரு கானோடெர்மா டப்பாவின் குழாயில் 31 குளவி, 4 ஈ, 2 வண்டு. வண்டே இல்லாத காளான் என்று முடிவுகட்டித் தூக்கியெறியப் போகும்போது, சும்மா உடைத்துப் பார்த்தால் உள்ளே 140க்கும் மேல்.

வண்டுக்கு வெளியே வர என்ன அவசியம்? சாப்பாடும் துணையும் உள்ளேயே இருக்கின்றன. காளான் தீரும்வரை தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கும். வெளிச்சத்துக்கு ஓடி வருவது குளவிதான். எறும்புபோல் தட்டைத் தலையோடு இரண்டு மி.மீ. நீளத்தில் பெத்திலிடே குடும்பத்துக் குளவிகளும், அதைவிடச் சிறியதாகப் பளபளக்கும் யூலோஃபிடே குளவிகளும் வந்தன. யூலோஃபிடேயில் அஸ்டிகஸ் என்ற பேரினம் இந்த வண்டுகளைத் தின்றே பிழைப்பது. குழாயைத் தினமும் மாற்றி குளவிகளை அப்புறப்படுத்திய டப்பாக்களில் வண்டு பெருகியது. சோம்பலில் மாற்றாமல் விட்ட இரண்டில் மூன்று மாதத்தில் புழுவே இல்லை. ஆகவே குழாயைக் கழற்றவில்லை. வண்டு பிடிக்க வைத்தது, குளவிப்பொறியாக வேலை செய்கிறது.

நாலாவது சுற்று

புதுக் காளானை முதலில் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே ஏற்கெனவே இருந்த வண்டு எது, நாம் விட்டது எது என்று தெரியாது. ஓட்டை இல்லாத காளானாகப் பார்த்து, ஜிப் பையில் மூடி, ஃப்ரீசரில் மெல்லியது ஒரு வாரம், கானோடெர்மா இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருந்தால் வேர்வை பையின் வெளிப்புறத்தில் நிற்கும், காளானில் இறங்காது. வெயிலில் காயவைப்பது இதற்கு ஈடாகாது. நடுவில் இருக்கும் புழு பிழைத்துக்கொள்கிறது.

டப்பாவின் அடியில் வெள்ளைத் தாள். அதன் மேல் இரண்டு ஐஸ்குச்சி, குச்சி மேல் காளான், நுண்துளைகள் உள்ள பக்கம் கீழே. ஒரு மூலையில் உப்புக் கிண்ணம். பூவரசக் காளானிலிருந்து எடுத்த வண்டு இருபது, 000 பிரஷ்ஷின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து விட்டது. ஆண், பெண் பிரிக்கவில்லை. இருபதில் இரண்டும் இருக்கும் என்ற கணக்கு. (வட அமெரிக்காவில் சிஸ் ஃபஸ்சிப்பெஸ் என்ற இனத்தில் பெண் மட்டுமே உள்ள கூட்டங்கள் உண்டு, அங்கே ஒற்றை வண்டே போதும்.)

வாரம் ஒருமுறை தாளை எடுத்து, தூளை டீ வடிகட்டியில் சலித்து, நகைத் தராசில் நிறுப்பது மட்டுமே கண்காணிப்பு. காளானை உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கத் தூளின் எடைதான் உதவியது. ஏழாம் டப்பாவில் 12ஆம் நாள் முதல் தூள் விழுந்தது. மூன்றாம் வாரம் 0.2 கிராம், ஆறாம் வாரம் 1.1 கிராம், ஏழாம் வாரம் திடீரென்று 0.3. செத்துப்போயின என்றுதான் நினைத்தோம், கூட்டுப்புழுவாக அடங்கியிருந்திருக்கின்றன. 54ஆம் நாள் அந்தத் தேன்நிற வண்டு.

கூடவே ஒரு சோதனை. பூவரசக் காளான் வண்டு இருபதை கானோடெர்மாவிலும், இருபதை சிவப்புக் காளானிலும் விட்டோம். இரண்டிலும் மேலாகக் கொறித்துக் குழி போட்டன, ஒரு மாதத்தில் தூள் நின்றது, 60ஆம் நாள் பிளந்தால் ஒரு புழு இல்லை. ஒரே தடவை செய்ததை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் கிட்டி பேவியர்-ஸ்மித் என்ற ஆய்வாளர் 1960இல் காட்டியதும் இதே போக்குதான்: அங்குள்ள வண்டுகள் டிராமெட்டிஸை முக்கிய வாழிடமாகக் கொண்ட ஒரு கூட்டமாகவும், பிர்ச் மரக் காளானை முக்கிய வாழிடமாகக் கொண்ட இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து கிடந்தன. பிரேசிலில் செராசிஸ் கார்னிஃபர் என்ற கொம்பு வண்டு நம் மாங்கிளையில் வருகிற அதே சிவப்புக் காளானில் குடியிருப்பது. சிவப்புக் காளான் டப்பாவுக்கு அடுத்த மழைக்காலத்தில் அதற்கே உரிய வண்டைத் தேடிப் பிடித்துத்தான் விட வேண்டும்.

எந்த வண்டு என்று பார்ப்பது

வீட்டில் வளர்க்கும்போது மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து சிகரெட் வண்டு வந்து கலந்துவிடும். எங்கள் மூன்றாம் டப்பாவில் வந்தது. அளவும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. 10 மடங்கு லென்ஸில் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். சிகரெட் வண்டுக்கு அது ரம்பப்பல் மாதிரி. முதுகு கூன்விழுந்து, தலை கீழே மடங்கியிருக்கும். மரக்காளான் வண்டுக்கு உணர்கொம்பின் நுனியில் இரண்டு மூன்று மணி தளர்வாகக் கோத்ததுபோல் ஒரு குமிழ், உடல் உருளை. பட்டைத் துளைப்பானும் உருளைதான், ஆனால் அதன் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, நுனிக்குமிழ் ஒரே கட்டியாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் 40 மடங்கு நுண்ணோக்கியில் பாதத்தை எண்ணலாம்: மரக்காளான் வண்டுக்கு ஆறு காலிலும் நாலு நாலு கணு.

இனம் வரை போக ஆண் வண்டு வேண்டும். பல இனங்களில் ஆணின் நெற்றியிலோ கழுத்துத் தகட்டின் முன்விளிம்பிலோ இரண்டு சின்னக் கொம்பு இருக்கும்; பெண்ணுக்கு இல்லை, அல்லது வெறும் மேடு. பத்து வண்டாவது 70 சதவீத எத்தனாலில் போட்டு வைப்பது நல்லது. டி.என்.ஏ. பார்க்கும் யோசனை இருந்தால் 95 சதவீதம். புழுவும் நாலைந்து சேர்க்கலாம். வால்நுனியில் மேல்நோக்கி வளைந்த இரட்டைக் கொக்கி இருக்கிறதா என்பதும் குறிப்புக்கு உதவும்.

செலவு

டப்பா 8 × 70 = 560. மெஷ் துணி ஒரு மீட்டர் 220. ஈரப்பதமானி இரண்டு 500. நகைத் தராசு 450. லென்ஸ் 180. கண்ணாடிக் குழாய் ஒரு டஜன் 120. பிரஷ் 40. உப்பு 20. மொத்தம் 2,090 ரூபாய். பசைத் துப்பாக்கி கைவசம் இருந்தது, நுண்ணோக்கி இரவல். இதில் தராசை 0.01 கிராம் காட்டுவதாக வாங்கியிருக்க வேண்டும், 0.1 காட்டுவது முதல் மூன்று வாரத் தூளுக்கு ஆகாது.

அடுத்த தடவை ஜன்னலை ஆரம்பத்திலேயே 2 செ.மீ. வெட்டுவோம். ஒரு டப்பாவுக்கு இருபது வண்டு போதவில்லை என்று இரண்டு டப்பாவில் தோன்றியது. முப்பது விட்டுப் பார்க்க வேண்டும். கூடவே வண்டே விடாத, உறையவைத்த காளான் மட்டும் உள்ள ஒரு வெறும் டப்பா. அது இருந்தால்தான் ஃப்ரீசர் வேலை செய்ததா என்பது நிச்சயமாகும். இந்தத் தடவை அதை வைக்க மறந்துவிட்டோம்.

கானோடெர்மாவைக் கையாள்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சை இதுதான். 1952 வாக்கில் தஞ்சைக் கடலோரத்தில் கடுமையாகக் கண்டதால் அந்தப் பெயர். ஒரு தோப்பில் எடுத்த காளானை இன்னொரு தோப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. அறுத்த பிளேடைத் துடைத்து நெருப்பில் காட்ட வேண்டும். தீர்ந்துபோன காளான், தூள், அடித்தாள் எல்லாம் எரிக்க வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. அறுக்கும்போது முகக்கவசம், வித்துத்தூள் மூக்கில் ஏறினால் அன்று முழுக்கத் தும்மல்தான்.

ஏழாம் டப்பாவில் இப்போது 130ஆம் நாள். காளான் தொடக்கத்தில் 38.4 கிராம், இன்று 26.9. தூள் வாரத்துக்கு 1.6 கிராம் விழுகிறது. 20 கிராமுக்கு இறங்கும்போது பக்கத்தில் புதுக் காளான் வைக்க, ஃப்ரீசரில் இரண்டு துண்டு தயாராக இருக்கிறது.